பல்லாவரமும் ஒரு கிரேக்கத் தீவும்

ஈஜியன் கடலிலே தேலோஸ் என்று ஒரு சிறு தீவு உண்டு. அப்போலோ தேவன் அங்கே அவதரித்ததாகக் கிரேக்கரின் ஐதீகம். கி.மு. 426-ல் ஏதென்ஸ் நகரத்தார் அத்தீவின் கல்லறைகளையெல்லாம் தோண்டி, எதிரேயுள்ள ரெனியா தீவில் கொண்டுபோய்ப் புதைத்தார்கள். இனித் தேலோஸில் பிறப்பும் கூடாது, இறப்பும் கூடாது என்று விதித்தார்கள். இன்று அங்கே இடிந்த ஆலயங்களும் அவற்றைக் காப்பவர்களுமே மிச்சம்.

வகுப்பில் இதைச் சொன்னபோது, "நம் பக்கத்தில் அப்படி ஒன்றும் இல்லையா, ஐயா?" என்று ஒரு மாணவன் கேட்டான். ஞாயிற்றுக்கிழமையன்று பிள்ளைகளைத் தாம்பரத்தில் ரயிலேற்றினேன். மூன்றாவது ஸ்டேஷன் பல்லாவரம்.

1863-ம் வருஷம் மே மாதத்தில், ராபர்ட் புரூஸ் பூட் என்னும் நிலவியலாளர் இவ்வூர்ச் சரளைக் குழி ஒன்றில் ஒரு கல்லைக் கண்டெடுத்தார். அது ஆதிமனிதன் செதுக்கிய கைக்கோடரி. பாரத நாட்டின் பழைய கற்காலத்தை உலகறியச் செய்த கல் அதுதான். குன்றிலே மகேந்திரவர்மப் பல்லவன் குடைவித்த குகைக்கோவில் இருக்கிறது. ஐந்து கருவறைகள், அவனுடைய விருதுப் பெயர்கள் பொறித்த உத்தரங்கள். பிற்காலத்தில் அது தர்காவாயிற்று. இக்குன்றுகளின் கருங்கல் கல்கத்தா வரை சென்று ஜாப் சார்னாக்கின் சமாதிக் கல்லாயிற்று. அவர் பெயராலேயே அக்கல்லுக்குச் 'சார்னோக்கைட்' என்று நாமகரணம் செய்தார் ஹாலந்து என்னும் நிபுணர்.

அடிவாரத்திலோ, கால்கள் பல வைத்த சுடுமண் ஈமப்பேழைகள் அகப்பட்டன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அலெக்ஸாண்டர் ரீ அவற்றை ஆராய்ந்தார். இன்று அந்த மண்ணைச் சுற்றிலும் வீடுகள்! 2010-ம் வருஷத்துச் சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட இடத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதிதாகக் கட்டக் கூடாது. அதற்கப்பால் 200 மீட்டர் வரை அனுமதி பெற வேண்டும்.

திண்ணையில் இருந்த ஒரு பெரியவர், "செத்தவர்களுக்கு உள்ள பாதுகாப்பு, மகனுக்கு மாடி கட்ட நினைக்கும் எனக்கு இல்லையே, சார்!" என்றார். பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்தார்கள். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

ஏதென்ஸார் இறந்தவர்களைக் கடல் கடத்தினார்கள், இருப்பவர்களையும் விலக்கினார்கள். பல்லாவரம் தீவன்று, இங்கே இருவருக்கும் இடம் வேண்டும். தடையை மட்டும் காட்டினால் போதாது. எதற்காகத் தடை என்பதையும் அந்தத் தெருவாசிகளுக்குக் காட்ட வேண்டும். அவர்கள் காலடியில் கிடைத்த பேழையை அவர்கள் கண்முன்னே வைத்து, அதன் கதையைச் சொன்னால், பெரியவரின் மனக்குறை முற்றும் தீராவிட்டாலும், அவர் பேரன் அந்த மண்ணைக் காக்க முன்வருவான் அல்லவா?