செவிச் செல்வம்

ஹதீஸ் கலையில் ஆசிரியரின் வாய்மொழியை நேரே செவியுறுவதற்கு ‘ஸமாஉ’ என்று பெயர். நபிமொழியைப் பெறும் வழிகளுள் அதனையே அறிஞர் பெரும்பாலோர் முதலிடத்தில் வைத்தனர்.

எழுத்து எல்லாவற்றையும் சுமக்காது. அரபியில் தனித்தனியே ஒலிக்கும் இரு ஹாக்களைத் தமிழில் ‘ஹ’ என்னும் ஓரெழுத்தால் எழுதுகிறோம். தமிழை அரபு வரிவடிவில் எழுதும் அரபுத்தமிழைக் கண்ட முன்னோர் அக்குறையைத் தீர்த்தனர். ஆயினும் இராகத்தை அதுவும் காட்டாது. கிஸ்ஸா, நாமா, படைப்போர், முனாஜாத்து என நம் இலக்கியங்கள் பலவும் பாடக் கேட்டு வளர்ந்தவை. அச்சில் இருப்பது சொல். பாடும் முறையோ முதியோர் நாவில் இருக்கிறது.

ஷைகு மஹ்மூது கலீல் அல்ஹுஸரீ அவர்கள் ஓதிய திருக்குர்ஆன் முழுமையும் 1961-இல் எகிப்தில் ஒலிப்பதிவாக வெளிவந்தது. ஏட்டிலும் உள்ளத்திலும் காக்கப்பட்ட வேதத்திற்கே ஒலிப்பதிவும் துணையாயிற்று என்றால், நம் பாடல்களுக்கு அது எத்துணை இன்றியமையாதது!

அன்று ஒலிப்பதிவுக் கூடம் வேண்டியிருந்தது. இன்று கைப்பேசியே தொடங்கப் போதும். பாட்காஸ்ட் எனப்படும் வலையொலியை ஐம்பதைக் கடந்த நானும் பயிலத் தொடங்கியுள்ளேன். மக்ரஜ் கற்பித்துப் பழகிய செவிக்கு அதன் நுட்பங்கள் அந்நியமல்ல. கண்டென்சர் ஒலிவாங்கி நுண்ணொலியையும் ஈர்க்கும். அதனோடு தெரு இரைச்சலும் வந்து சேரும். டைனமிக் வகை அருகிலுள்ள குரலையே பெரிதும் பற்றும். புதுக்கோட்டை வெயிலில் சன்னலை அடைத்து, மின்விசிறியை நிறுத்தி நெடுநேரம் அமர இயலாத நமக்கு அதுவே ஏற்றது. வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, சற்றே பக்கவாட்டில் வைத்தால் பகரத்தின் காற்று அதில் மோதாது. வெறுஞ்சுவரின் எதிரொலியை மெத்தையும் போர்வையும் அடக்கும். மூலப் பதிவை ‘வேவ்’ கோப்பாகவே காத்தல் நன்று, எம்.பி.3 ஆகச் சுருக்குகையில் இழந்த ஒலி மீளாது.

கோட்டைப்பட்டினம், மீமிசல், அம்மாபட்டினம் என நம் கரையூர்களில் எவ்வீட்டிலேனும் பழைய இராகத்தில் முனாஜாத்து பாடும் நன்னிமார் இருப்பின், இவ்வாரமே பதிந்து வையுங்கள். பெண் குரலை ஊரறிய ஒலிக்கலாமா எனச் சிலர் தயங்குவர். காத்து வைப்பது வேறு, வெளியிடுவது வேறு. அவர்கள் இசையாவிடில் அப்பதிவு குடும்பத்தாரிடமே அமானத்தாக இருக்கட்டும்.

பாடலுக்கு முன் அவர்தம் பெயர், ஊர், ஆண்டு ஆகியவற்றோடு, அதனை யாரிடம் கேட்டுக் கற்றார் என்பதையும் அவர் வாயாலேயே சொல்லச் செய்யுங்கள். நம் பாடல்களுக்கு அதுவே இஸ்னாது.