துணைக்குப் போன கப்பல்

எங்கள் வீட்டுத் தினசரிக் காலண்டரில் டிசம்பர் 4 தாளின் அடியில், ராகுகாலம் எமகண்டத்துக்கெல்லாம் கீழே, எறும்பு எழுத்தில் ‘கடற்படை தினம்’ என்று போட்டிருக்கும். கோலார் தங்கவயலில் பிறந்து வளர்ந்தவனுக்கும் கடற்படைக்கும் என்ன சம்பந்தம்? கிழக்கே இருநூறு கிலோமீட்டருக்கு மேல் போனால்தான் எங்களுக்குக் கடல். அதையும் பள்ளிச் சுற்றுலாவில் மெரினாவில் அரை மணி நேரம் பார்த்ததோடு சரி. அதற்குள் ஒரு வாத்தியாரின் செருப்பை அலை கொண்டுபோய்விட்டது.

ஆனால் ஊர்ப் பெயர்களைப் பாருங்கள். பங்காருப்பேட்டையில் கிளை ரயிலில் ஏறினால் முதலில் வருவது கோரமண்டல். சோழமண்டலக் கடற்கரை வெள்ளைக்காரன் வாயில் நசுங்கி வந்த பெயர் அது; அந்தக் கரையை விட்டு இவ்வளவு தூரம் மேடேறி வந்து ஒரு ரயில் நிலையத்தின் பலகையில் உட்கார்ந்திருக்கிறது. பாதை முடியும் இடம் மாரிகுப்பம். குப்பம் என்றால் மெட்ராஸ்காரனுக்கு வலையும் கட்டுமரமும்தான் ஞாபகம் வரும். நடுவில் சாம்பியன் ரீஃப். ரீஃப் என்றால் கப்பலின் அடியைக் கிழிக்கும் கடற்பாறை. சுரங்கக்காரன் அதே சொல்லைத் தங்கம் ஓடும் பாறைக்கு வைத்தான். ஷிப்ட்டுக்குக் கூப்பிடும் சைரனை நாங்கள் சங்கு என்றோம். அதுவும் கடலில் கிடைப்பதுதான். தண்ணீர் லாரிக்குப் பின்னால் குடத்தோடு ஓடிய ஊருக்கு இத்தனை கடல் சொற்கள்!

நிஜமாகவே கடலைப் பார்த்தவர் எங்கள் லைனில், அதாவது சுரங்கக் குடியிருப்பு வரிசையில், ஒரே ஒருவர். நாங்கள் ‘கப்பல் மாமா’ என்போம். சாம்பியன் ரீஃபில் எங்கள் லைனின் கடைசி வீடு. கடற்படையில் ஸ்டோக்கராக, அதாவது கொதிகலன் அறையில், காலம் தள்ளிவிட்டு வந்து பெமல் தொழிற்சாலையில் சேர்ந்திருந்தார். வீட்டில் சாமி படத்துக்குப் பக்கத்திலேயே கப்பல் படம். சாம்பல் நிறம், ஒற்றைப் புகைபோக்கி, முன்னால் இரட்டைக் குழாய்ப் பீரங்கி. பெயர் ‘கோதாவரி’.

இந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு கூத்து இருக்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது ராயல் இந்தியக் கடற்படையின் ஸ்லூப் கப்பல்களுக்கு நதிகளின் பெயரை வைத்தார்கள்: சட்லஜ், ஜமுனா, நர்மதா, கோதாவரி, கிருஷ்ணா, காவிரி. 1947-இல் பாகம் பிரித்தபோது நர்மதாவும் கோதாவரியும் பாகிஸ்தானுக்குப் போயின. பஞ்சாபின் சட்லஜ் நம்மிடமே தங்கிவிட்டது. நாசிக் பக்கத்தில் பிறந்து ராஜமுந்திரி வழியாக ஓடும் கோதாவரி, கராச்சிக்குப் போய் ‘சிந்து’ என்று பெயர் மாற்றிக்கொண்டது. அமர்கண்டகத்து நர்மதா ‘ஜீலம்’ ஆனாள். நதிநீர்ப் பங்கீட்டுக்காகப் பிறகு எத்தனையோ தடவை பேசினார்கள். இவ்வளவு சுலபமாக எந்தப் பங்கீடும் முடிந்ததில்லை. காவிரி நம்மோடு நின்றது. நின்றதில் எங்களுக்குத் தனி சந்தோஷம். 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து கம்பி வழியாக வந்து எங்கள் சுரங்கங்களை இயக்கியவள் அவள்தான். பெங்களூருக்கு முன்பே எங்களுக்கு மின்சாரம் என்பதை இன்றுவரை எந்த பெங்களூர்க்காரனிடமும் சொல்லாமல் விட்டதில்லை.

பெயர் போய்விட்டதே என்று, 1950-களின் தொடக்கத்தில் பிரிட்டனிடமிருந்து மூன்று பழைய துணைக்காவல் கப்பல்களை இரவலாக வாங்கி கங்கா, கோமதி, கோதாவரி என்று பெயர் சூட்டினார்கள். ‘ஹன்ட்’ வகை எஸ்கார்ட் டெஸ்ட்ராயர்கள். நீளம் 85 மீட்டர், எடை ஆயிரம் டன்னுக்குச் சற்று மேல், நாலு அங்குலப் பீரங்கி ஆறு. வெள்ளைக்காரன் இந்த வகைக் கப்பல்களுக்கு நரிவேட்டைக் குழுக்களின் பெயரை வைத்திருந்தான். ஊட்டியில் குள்ளநரியைத் துரத்திய அதே பைத்தியம். மாமாவின் கோதாவரிக்கு அவன் வைத்த பெயர் ‘பெடேல்’.

மாமாவுக்கும் என் தாத்தாவுக்கும் நடந்த வழக்கு ஒன்று இன்னும் கண்ணில் நிற்கிறது. தாத்தா வைண்டிங் என்ஜின் டிரைவர். தண்டுக்குழியின் மேல், பெரிய உருளைக்கு முன்னால் உட்கார்ந்து கேஜை, அதாவது ஆளையும் கல்லையும் சுமக்கும் கூண்டை, இறக்கி ஏற்றுகிற வேலை. ஒருநாள் சாயங்காலம் திண்ணையில் மாமா பெருமை பேசிக்கொண்டிருந்தார்.

“நான் கடலுக்குக் கீழ வேல செஞ்சவன் மாமா. பாய்லர் ரூம் தரை தண்ணி மட்டத்துக்குக் கீழ கீது.”

“எத்தினி அடி?”

“இருக்கும், ஏழெட்டு.”

தாத்தா ஒன்றும் சொல்லவில்லை. என் பலப்பத்தை வாங்கித் தரையில் எழுதினார். சாம்பியன் ரீஃப் ஆழம் பத்தாயிரம் அடிக்கு மேல். பத்தாயிரம் என்றே வைத்துக்கொள். ஊர் கடல் மட்டத்துக்கு மேலே இரண்டாயிரத்து எண்ணூறு அடி. கழி. ஏழாயிரத்து இருநூறு.

“எம் புள்ளைங்கள தெனம் கடலுக்குக் கீழ ஏழாயிரம் அடி எறக்கி ஏத்திக்கினு கீறேன். நீ ஏழு அடிக்குப் பென்சன் வாங்கிக்கினு வந்துட்ட.”

மாமா சிரித்து முடிக்கவில்லை, தரை ஒருதரம் தூக்கிப்போட்டது. உள்ளே அடுக்குப் பாத்திரங்கள் கிணுகிணுத்தன. ராக் பர்ஸ்ட். ஆழத்தில் தங்கப் பாறையை வெட்டி எடுத்துவிட்ட இடத்தில், மிச்சப் பாறை பாரம் தாங்காமல் வெடிப்பது. லைனில் எல்லாக் கதவும் திறந்தன. யாரும் பேசவில்லை. பெண்கள் தண்டுக்குழி இருக்கும் திசையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். மாமா மட்டும் எழுந்து சுவரில் கை வைத்தபடி, “டெப்த் சார்ஜ் மாதிரியே கீது,” என்றார். குரல் அவருடையதாக இல்லை.

அன்று யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று அடுத்த சங்குக்குள் தெரிந்துவிட்டது. பிறகுதான் அவர் சொன்னார். நீர்மூழ்கி எங்கே என்று கப்பலிலிருந்து ஒலி அனுப்பி, அது மோதித் திரும்புவதைக் காதால் கேட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். கேட்டுக் கேட்டு நெருங்குவார்கள். சரியாக அதன் தலைக்கு மேலே வரும்போது மட்டும் காதில் எதுவும் விழாது. அந்தக் கடைசி நொடிகளைக் குருட்டாம்போக்கில் கணக்குப் போட்டு, பீப்பாய் பீப்பாயாக வெடியைப் பின்பக்கம் உருட்டுவார்கள். இத்தனை அடி ஆழத்தில் வெடி என்று முன்பே திருகி வைத்திருப்பார்கள்; தண்ணீரின் அழுத்தமே வெடிக்க வைக்கும். பயிற்சியில் வெடித்ததைத்தான் மாமா அறிவார். கீழே கொதிகலன் அறையில் நிற்பவனுக்கு அது காலில்தான் வந்து சேரும், காதில் அப்புறம். “இங்கயும் அப்பிடித்தான், மொதல்ல காலு,” என்றார் தாத்தா. வழக்கு அதோடு ராசியானது. இரண்டு பேரும் வெளியே நடப்பதைப் பார்க்காமல், மணி அடித்தால் அடித்தபடி செய்து சம்பளம் வாங்கினவர்கள்தானே.

பல வருஷம் கழித்து, பெங்களூர் அவென்யூ ரோட்டுப் பழைய புத்தகக் கடையில், போர்க்காலக் கப்பல்களின் பணி வரலாறு அடங்கிய தடிமனான புத்தகம் ஒன்று கையில் அகப்பட்டது. முதலில் தேடியது கோதாவரியைத்தான். கூடவே அதன் தங்கைகளும் இருந்தார்கள். கங்கா என்று நாம் அழைத்த கப்பல், 1941 டிசம்பரில் நார்வேயின் வோக்ஸோ தீவில் நடந்த திடீர்த் தாக்குதலில் இருந்திருக்கிறது. கோமதி அதே ஆண்டு அக்டோபரில், ஒரு விமானத்தோடு சேர்ந்து, ‘கலிலியோ ஃபெராரிஸ்’ என்ற இத்தாலிய நீர்மூழ்கியை மூழ்கடித்திருக்கிறது. கோதாவரியின் கணக்கில் 1942 ஆகஸ்ட் 19, பிரான்சின் தியெப் தாக்குதல். கனடாக்காரர்கள் ஆயிரக்கணக்கில் செத்தும் சிறைப்பட்டும் போன அந்தக் காலைப்பொழுதில், தண்ணீரில் தத்தளித்த பலரைத் தூக்கி ஏற்றியிருக்கிறது. பிறகு சிசிலி, 1944-இல் நார்மண்டி.

இவையெல்லாம் சில பத்திகள். மீதிப் பக்கங்களைப் படித்தால் கொட்டாவி வரும். இந்தத் தேதியில் இத்தனை சரக்குக் கப்பல்களுக்குத் துணையாகப் போனது. போய்ச் சேர்ந்தது. திரும்பியது. மறுபடி துணை. மறுபடி போய்ச் சேர்ந்தது. முதலில் புரட்டித் தள்ளினேன். பிறகு தாத்தா ஞாபகம் வந்து நிறுத்தினேன்.

தாத்தா ஷிப்ட் முடிந்து வந்தால் ஆயா சுடுதண்ணி எடுத்து வைத்தபடி கேட்பாள்: “இன்னைக்கு இன்னா?” அவர் சொல்வது எப்போதும் ஒரே பதில்: “ஒண்ணும் நடக்கல.” சின்ன வயதில் எனக்கு இது பெரிய ஏமாற்றம். மற்றப் பையன்களின் தாத்தாக்கள் கதை சொன்னார்கள்: இடிந்த பாறை, நசுங்கிய தள்ளுவண்டி, கல்லிடுக்கில் கண்ட மஞ்சள் மினுக்கு. என் தாத்தாவுக்குக் கதையே கிடையாது. எத்தனை மணி அடித்தால் ஆள், எத்தனை அடித்தால் கல் என்று காதைத் தீட்டிக்கொண்டு, ஆழம் காட்டும் முள்ளைப் பார்த்துக்கொண்டே முப்பது வருஷம் உட்கார்ந்திருந்தவர். அந்த முப்பது வருஷத்தில் அவர் கையில் ஒரு கேஜும் தவறவில்லை. தவறியிருந்தால் பேப்பரில் பெயர் வந்திருக்கும். துணைக்காவல் கப்பலின் வேலையும் இதுதான். அது சரியாக வேலை செய்த நாளில் வரலாற்றுக்கு எழுத ஒன்றும் இருக்காது. கொட்டாவி வந்த பக்கங்களில்தான் அந்தக் கப்பல் சம்பாதித்ததெல்லாம் இருந்தது.

அதே பக்கங்களில் இன்னொரு விஷயமும் தட்டுப்பட்டது. மாமா அடிக்கடி “அது போலந்துக் கப்பல்டா” என்பார். வாங்கியது வெள்ளைக்காரனிடம், இதென்ன போலந்து என்று நான் நம்பியதில்லை. புத்தகம் அவர் பக்கம் பேசியது. ஹிட்லரிடம் நாட்டை இழந்து வந்த போலந்துக் கடற்படையினருக்குப் பிரிட்டன் 1942-இல் அந்தக் கப்பலைக் கொடுத்தது. தியெப்பிலும் நார்மண்டியிலும் அதை ஓட்டினவர்கள் அவர்கள்தான். 1946-இல் திருப்பிக் கொடுத்தார்கள். ஊருக்குப் போனால் அங்கே வேறு ஆட்சி என்று அவர்களில் பலர் பிரிட்டனிலேயே தங்கிவிட்டார்கள்.

தமிழ் வாத்தியார் புண்ணியத்தில் எனக்கு இங்கே ஒரு கிறுக்குத்தனம். பொலம் என்றால் பழந்தமிழில் பொன். பொலந்தொடி என்றால் பொன்வளை. போலந்தை வாய் தவறிப் பொலந்து என்றால் அது எங்கள் ஊர்தான். மொழியியலாளர்கள் மன்னிக்க, போலந்து என்ற பெயருக்கு மூலம் வயல் என்கிறார்கள். அதனால் மட்டும் நான் கலங்கவில்லை. எங்களூர் தங்கவயல்.

போலந்துக்காரர்கள் கப்பலுக்கு வைத்த பெயர் ‘ஷ்லோன்ஸாக்’. சிலேசியாக்காரன் என்று அர்த்தம். சிலேசியா போலந்தின் நிலக்கரிச் சீமை. தலைமுறை தலைமுறையாகக் கேஜில் இறங்குகிறவர்களின் ஊர். அப்படியானால் எங்கள் லைனின் கப்பல் மாமா, சாம்பியன் ரீஃபில் பிறந்து, ‘சுரங்கச் சீமைக்காரன்’ என்று பெயர் வைத்த கப்பலின் வயிற்றில்தான் நெருப்புக்குக் காவல் நின்றிருக்கிறார். அவருக்கு இது தெரியாது. தெரிந்திருந்தால் தாத்தாவிடம் அந்த ஏழாயிரம் அடி வழக்கை மறுபடி திறந்திருப்பார்.

சிலேசியச் சுரங்கக்காரர்களுக்குப் புனித பார்பராதான் துணை. வெடியோடு பிழைக்கிற எல்லோருக்கும் அவள்தான், பீரங்கிக்காரர்களுக்கும் அவளே. ஸ்பானியக் கப்பல்களில் வெடிமருந்து அறைக்கே அவள் பெயர். அவள் திருநாளைப் போலந்தில் பார்பூர்கா என்று கொண்டாடுகிறார்கள். சுரங்கத்தார் கறுப்பு உடுப்பும் இறகு வைத்த தொப்பியுமாக, வாத்தியக் கோஷ்டியோடு ஊர்வலம் போகிற நாள் அது. தேதி டிசம்பர் 4.

நம் கடற்படை தினத்துக்குக் காரணம் வேறு. 1971 டிசம்பர் 4 இரவு நம் ஏவுகணைப் படகுகள் கராச்சியைத் தாக்கின. இரண்டுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஆனாலும் இதைத் தெரிந்துகொண்டதிலிருந்து காலண்டரின் அந்தத் தாளைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

கோதாவரியை 1979-இல் உடைத்துவிட்டார்கள். பெயர் மட்டும் 1983-இல் நம் நாட்டிலேயே வடிவமைத்துக் கட்டிய ஃபிரிகேட் ஒன்றுக்குப் போய், 2015 வரை கடலில் இருந்தது. எங்கள் சுரங்கங்களை 2001 பிப்ரவரி 28-இல் மூடினார்கள். சங்கு இல்லை. தண்டுக்குழிகளில் தண்ணீர் ஏறிவிட்டது. தங்கம் பிரித்தபின் கொட்டிய சயனைட் மலைகள் அப்படியே நிற்க, விடியற்காலை மாரிகுப்பம் ரயிலில் ஆயிரக்கணக்கானவர்கள் பெங்களூர் வேலைக்குப் போகிறார்கள். இரவு திரும்புகிறவர்களை வீட்டில் யாராவது “இன்னைக்கு இன்னா?” என்று கேட்டால் பதிலும் பழைய பதிலாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். இருக்கட்டும்.

போன வருஷம் டிசம்பர் 4 தாளில் கடற்படை தினத்துக்குக் கீழே ‘சுரங்கத்தாருக்கும்’ என்று பென்சிலால் எழுதினேன். தினசரிக் காலண்டர், மறுநாள் கிழித்துத்தான் ஆகவேண்டியிருந்தது.