மூக்கு சொன்ன பொய்

எம்.கே.பி. நகர்ல பொறந்து வளந்தவ நான். அப்பா பாதாளச் சாக்கடையில் அடைப்பு எடுக்கிற ஒப்பந்தக் கூலி. வேலை முடிஞ்சி வந்தா வாசல்லயே சட்டையைக் கழட்டிப் போட்டுட்டு, குளிச்சிட்டுத்தான் உள்ள வருவார். எவ்வளவு சோப்பு போட்டாலும் அந்த நாத்தம் போகாது. அந்த நாத்தத்தோடதான் எங்களுக்குச் சோறு வந்தது.

நான் எட்டாவது படிக்கும்போது, அப்பாகூட வேலை செஞ்ச மாமா ஒருத்தர் குழிக்குள்ள எறங்கினவர் மேல வரலை. "குடிச்சிட்டு எறங்கிட்டான்" என்றார் ஒப்பந்தக்காரர். தெருவே அதை நம்பியது. நானும் நம்பினேன்.

பிறகு அரசுக் கல்லூரியில் வேதியியல் சேர்ந்தேன். ஆய்வுக்கூடத்தில் முதல் தடவை கிப் சாதனத்தைத் திறந்தபோது எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். அழுகின முட்டை நாத்தம். நான் பொத்தலை. எனக்கு அது அப்பாவோட சட்டை. எங்க வீட்டுக்குள்ளயே இருந்த அதுக்கு ஹைட்ரஜன் சல்பைடு என்று ஒரு பேர் இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

எம்.எஸ்ஸி. முடித்துத் தனியார் ஆய்வகம் ஒன்றில் வேலை. மாசம் 14,000 ரூபாய். பாட்டிலில் தண்ணீர் வரும்; சோதித்து எண் எழுதுவேன். எங்க தெருவுலேர்ந்து ஒரு பாட்டில்கூட வந்ததில்லை. காசு கொடுப்பவன் அனுப்புவதைத்தான் அளப்பார்கள்.

ஒரு நாள் சோறு சாப்பிடும்போது அப்பா சொன்னார்: "மூடிய தொறந்து வெச்சிட்டு குந்தினு இருப்போம்மா. நாத்தம் நின்னுச்சின்னா வாயு பூடுச்சின்னு எறங்குவோம்."

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை. பத்து லட்சம் பங்கு காற்றில் ஒரு பங்குகூட இல்லாதபோதே இந்த வாயு நாறும். 100 பங்கை எட்டினால் முகரும் நரம்பே மரத்துவிடும், நாத்தம் நின்றுபோகும். 500-ஐத் தாண்டினால் ஆள் சுருண்டு விழுவான். நாத்தம் நின்றது வாயு போனதால் இல்லாமலும் இருக்கலாம். மாமாவைக் கொன்றது குடிதான் என்று யார் அளந்து பார்த்தார்கள்?

1993-லும் 2013-லும் சட்டம் வந்தது. சாக்கடையில் செத்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் கொடுக்க 2014-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023-ல் அதை 30 லட்சமாக்கியது. மாமா வீட்டுக்கு வந்தது குடிகாரன் என்கிற பேர் மட்டும்தான்.

வேலையை விட்டேன். அம்மா ஒரு வாரம் பேசலை. நெட் தேர்வில் இரண்டாம் தடவை தேறி ஜே.ஆர்.எஃப். வாங்கினேன், மாசம் 37,000. நேர்காணலில் ஒருவர், "இது சமூக சேவை மாதிரி இருக்கே, கெமிஸ்ட்ரி எங்கே?" என்று கேட்டார். "அளக்கிறது கெமிஸ்ட்ரிதான் சார்" என்றேன். இடம் கிடைத்தது.

மலிவான எச்சரிக்கைக் கருவி செய்வதாகத்தான் முதலில் எழுதிக் கொடுத்திருந்தேன். அப்பாகிட்ட பெருமையாச் சொன்னேன். அவர் கேட்டார்: "அப்டீன்னா, மிஷின் சரின்னு சொல்லிடுச்சி, எறங்குடாம்பானே. இதுக்கா படிக்கிற?"

தோழர்களே, எனக்குப் பதில் வரலை. தலைப்பை மாற்றினேன். திறந்து வைத்துக் காற்றாடவிட்ட பிறகும், அடிச்சேற்றைக் கிளறினால் வாயு திரும்ப எகிறும். எவ்வளவு, எத்தனை நொடியில் என்று அளக்கிறேன். எறங்குவதற்கு நல்ல நேரம் என்று ஒன்று கிடையாது என்பதை எண்ணாக எழுதி வைக்க வேண்டும்.

கயிற்றில் இப்போது கருவிதான் எறங்குது. கயிற்றைப் பிடிக்கச் சொல்லித் தந்தவர் அப்பா.