ஒன்பது திறப்புகள்

மார்ச் 9

கண்ணாடி வீட்டின் திறப்பு இன்று கையில் கிடைத்தது. வடக்கு லண்டனில் அலொட்மென்ட், அதாவது வாடகைத் தோட்டத் துண்டு, கிடைக்க ஐந்து வருடம் காத்திருந்தேன். பொதுக் கண்ணாடி வீட்டில் இடம் கிடைக்க மேலும் இரண்டு. ஒன்பது பேருக்கு ஒன்பது திறப்பு, ஆளுக்கு நாலடி மேசை.

இங்கே முழுத் துண்டு என்றால் பழைய அளவில் பத்து றொட், ஏறக்குறைய 250 சதுர மீற்றர். றொட்டும் எங்கள் ஊர்ப் பேர்ச்சும் ஒன்றுதான். பதினாறு பரப்பு ஓர் ஏக்கர் என்ற தோட்டக்காணிக் கணக்கில் பத்து றொட் சரியாக ஒரு பரப்பு. எனக்கு அரைப் பரப்பு என்று அம்மாவுக்கு போனில் சொன்னேன். "கிணறு இருக்கோ?" என்றா.

ஏப்ரல் 21

மிளகாயும் கத்தரியும் வீட்டு ஹீற்றருக்கு மேல் முளைத்தவை. மடியில் வைத்து பஸ்ஸில் கொண்டுபோனேன். பார்த்தால் என் நாலடியில் மூன்றேகால்தான் மிச்சம்; பக்கத்து மேசைப் பெரியவரின் லீக்ஸ் தட்டு எல்லை தாண்டி உட்கார்ந்திருக்கிறது. யாழ்ப்பாணத்தில் வேலி அடைக்கும்போது கதியால் வருடத்துக்கு ஒரு சாண் நகரும். அதற்காக வழக்காடிக் காணியையே விற்றவர்கள் உண்டு. நான் வாய் திறக்கவில்லை. மற்றப் பக்கத்தில் ஒரு சாண் நகர்ந்து கொண்டேன்.

மே 18

சண்டை இடத்துக்கில்லை, கதவுக்கு. பெரியவரின் தக்காளிக்குக் காற்று வேண்டும். காற்று நின்றால் பூஞ்சணம் பிடிக்கும். என் கத்தரிக்கு இரவுக் குளிர் ஆகாது. அவர் திறந்து வைக்கிறார், நான் சாத்துகிறேன், சைப்பிரஸ்கார அம்மா பாதி திறந்து செங்கல் முண்டு கொடுக்கிறா. வெளியே அவரவர் துண்டு, அவரவர் பாடு. உள்ளே ஒன்பது பேருக்கும் ஒரே காற்று. அதில் கதியால் நட முடியாது.

கூரை ஜன்னல்தான் எங்களில் நியாயமான ஆள். அதில் ஒரு மெழுகு உருளை இருக்கிறது. வெயில் ஏற மெழுகு உருகி விரிந்து தண்டைத் தள்ள, ஜன்னல் திறக்கும். குளிர்ந்தால் தானே சாத்திக்கொள்ளும். கரண்டும் இல்லை, கட்சியும் இல்லை.

யூலை 6

வெள்ளை ஈ. முதலில் என் கத்தரி இலையின் அடியில்தான் கண்டேன். யாருக்கும் சொல்லாமல் இரண்டு நாள் சவர்க்காரத் தண்ணீர் அடித்தேன். அந்த இரண்டு நாளில் எல்லாருடைய தக்காளிக்கும் போய்விட்டது. இன்று சொன்னேன். முகம் சுட்டது.

பெரியவர் ஏசவில்லை. குளவிகள் ஒட்டிய அட்டைகளைத் தபாலில் எடுப்பிக்கிறாராம். என்கார்சியா என்ற குளவி, ஒரு மில்லிமீற்றர்கூட வராது. வெள்ளை ஈயின் குஞ்சுக்குள் முட்டையிடும். குஞ்சு கறுத்துப் போகும். 1926இல் ஹார்ட்ஃபோர்ட்ஷயரில் ஒரு தோட்டக்காரர் இப்படிக் கறுத்த குஞ்சுகளைக் கண்டு செஷண்ட் ஆய்வு நிலையத்துக்குத் தெரிவித்ததிலிருந்து வந்த வைத்தியம் இது. இங்கிருந்து தூரமில்லை.

நிபந்தனை ஒன்று: ஒருவரும் பூச்சிமருந்து அடிக்கக் கூடாது. ஒருவர் அடித்தாலும் ஒன்பது பேரின் குளவியும் சாகும். ஒன்பது பேரும் தலையாட்டினோம். இத்தனை மாதத்தில் நாங்கள் ஒத்துப்போன முதல் விடயம்.

யூலை 20

18 பாகைக்குக் கீழே போனால் குளவி சோம்பிவிடுமாம். இப்போது பின்னேரத்தில் ஓடி வந்து கதவைச் சாத்துபவர் பெரியவர். நான் பார்க்காத மாதிரித் தண்ணீர் ஊற்றினேன்.

ஓகஸ்ட் 24

வெளித் துண்டுகளில் தக்காளி எல்லாம் கருகல் நோயில் போய்விட்டது. உள்ளே இலை நனையாததால் தப்பியது. கத்தரி இலையில் கறுத்த குஞ்சுகள். எண்ணத் தொடங்கி நாற்பதில் விட்டேன்.

ஒக்ரோபர் 12

கண்ணாடி கழுவும் நாள். ஏழு பேர் வந்தோம். கறிவேப்பிலைச் சட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தாயிற்று. கத்தரிக்காய் இந்த வருடம் மொத்தம் 19. அடுத்த வருடத்துக்காக மேசைகளில் வெள்ளைப் பெயின்ற்றால் கோடு போட்டார்கள். எல்லாரும் போன பிறகு அளந்து பார்த்தேன். என்னுடையது மூன்றேமுக்காலடி.