உள்ளே விட்ட துணி

மதுரையில் வளர்ந்தவர்களுக்குப் புதுமண்டபம் என்றதும் சிற்பங்களுக்கு முன்னால் தையல் மெஷின் சத்தம்தான் நினைவுக்கு வரும். மீனாட்சியம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே, 17-ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் கட்டிய மண்டபம். தூணுக்கும் தூணுக்கும் நடுவே மெஷினைப் போட்டுத் தையல்காரர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். பாத்திரக்கடை, புத்தகக்கடை, வளையல்கடை எல்லாம் அங்கே இருந்தன. சித்திரைத் திருவிழா நெருங்கினால் அழகருக்குத் தண்ணீர் பீய்ச்சுகிறவர்களுக்கும் திரி எடுக்கிறவர்களுக்கும் உடை தைத்தது அங்கேதான். தைத்தவர்களில் பலர் பாய்மார்கள்.

என் அம்மாவுக்குப் பருத்த உடம்பு. எனக்கும் அதே உடல்வாகு. விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடையில் டூ பை டூ ரவிக்கைத் துணி கேட்டால் கடைக்காரர் நிமிர்ந்து பார்ப்பார். "எண்பது பத்தாதும்மா, ஒரு மீட்டரா வெட்டிடுறேன்" என்பார். இருபது சென்டிமீட்டருக்கு உரிய காசு கூடும். பருமனாக இருப்பதற்கு அம்மா கடையில் கொடுத்த விலை அவ்வளவுதான். நிறம் எதுவாக இருந்தாலும் அவளுக்கு உண்டு. கிளிப்பச்சை, மாம்பழ மஞ்சள், வாடாமல்லி என்று புடவைக்கு ஏற்றபடி எடுத்துக்கொள்வாள்.

துணியையும் அளவு ஜாக்கெட்டையும் எடுத்துக்கொண்டு மண்டபத்துக்குப் போவோம். எங்களுக்குத் தைக்கும் பாய் அந்தப் பழைய ஜாக்கெட்டை முதலில் உள்பக்கம் திருப்புவார். பக்கத் தையலை விரலால் தடவிப் பார்ப்பார். "ஒரு தையல் பிரிச்சுப் போட்டிருக்கீங்க போல. இந்தத் தடவை அரை இன்ச் கூட வச்சுடறேன் தாயி" என்பார். பிறகு நீள நோட்டில் அளவை எழுதி, துணியின் ஓரத்தில் நகத்தளவு வெட்டி அந்தப் பக்கத்தில் குண்டூசியால் குத்திவைப்பார். அம்மாவுக்குக் கை பிடிக்கும் என்பது அவருக்குத் தெரியும். அக்குளில் அதே துணியில் சின்னச் சதுரத் துண்டு ஒன்று வைத்துத் தைப்பார். கையைத் தூக்கிக் கொடியில் துணி போட்டாலும் இழுக்காது.

எல்லாவற்றையும் விடப் பெரிது, அவர் உள்ளே விடும் துணி. இரண்டு பக்கமும் ஒரு இன்ச்சுக்குக் குறையாமல் மடித்து, அடுத்தடுத்து இரண்டு மூன்று வரி தையல் ஓட்டியிருப்பார். உடம்பு போட்டால் ஒரு வரியைப் பிரிக்கலாம். தம்பி பிறந்த பிறகு, வெயில் இறங்கிய நேரத்தில், அம்மா திண்ணையில் உட்கார்ந்து பிளேடு முனையால் ஒவ்வொரு கண்ணாக அறுத்து நூலை உருவியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. உள்ளேயிருந்து வெளிவந்த பகுதி வெயில் படாத புது நிறத்தில் இருக்கும். ஜாக்கெட் இன்னும் இரண்டு வருஷம் ஓடும். உடம்பு மாறும் என்று தெரிந்த ஒருவர், அதற்கும் சேர்த்துத் தைத்துக் கொடுத்திருந்தார்.

தீபாவளிக்கு முந்தின நாள்வரை அலைக்கழித்ததும் உண்டு. "நாளைக்கு வாங்கம்மா" என்பதைக் கேட்டுச் சலித்திருக்கிறோம். ஆனால் உனக்கு இங்கே துணி இல்லை என்று யாரும் அம்மாவைத் திருப்பி அனுப்பியதில்லை.

எனக்கு அது நடக்கிறது. மாடி மாடியாகத் துணி தொங்கும் கடைகளில், நான் கம்பியில் கைவைக்கும் முன்பே, "அக்கா, உங்களுக்கு இதுல வராது" என்று விற்பனைப் பெண்ணின் குரல் வந்துவிடும். அந்தப் பெண்ணைக் குறைசொல்ல மாட்டேன். நாள் முழுக்க நின்று வேலை பார்க்கிறவள், இருப்பதைத்தான் சொல்கிறாள். கடைசி மூலைக்குக் கூட்டிப்போய்க் காட்டுவாள். கருப்பு, கருநீலம், மெரூன். குர்தா மார்புக்குச் சரியாக இருந்தால் தோள் கையில் வழியும். தோள் சரியாக இருந்தால் மேல்கையில் ரத்தம் கட்டும். திரைக்குள் நின்று, தலைவழியே பாதி இறங்கி மாட்டிக்கொண்ட துணியோடு போராடும்போது வரும் வேர்வையும் அழுகையும் பட்டவர்களுக்குத்தான் தெரியும்.

இது உடம்பின் குற்றமில்லை. ஆயத்த ஆடை தைப்பவர்கள் நடுத்தர அளவு ஒன்றுக்கு மாதிரி வெட்டி, அதையே எல்லாப் பக்கமும் கணக்காகக் கூட்டிக்கொண்டு போகிறார்கள். மனித உடம்பு அப்படிப் பெருப்பதில்லை. ஒருத்திக்குக் கை, ஒருத்திக்கு இடுப்பு. நம் நாட்டுக்கென்று அளவு அட்டவணைகூட இல்லாமல் அமெரிக்க, ஐரோப்பிய அட்டவணைகளை வைத்தே காலம் தள்ளினார்கள். 15 முதல் 65 வயது வரையுள்ள 25,000 பேரை 6 நகரங்களில் அளக்கும் திட்டத்தைத் தேசிய ஆடை வடிவமைப்புத் தொழில்நுட்ப நிறுவனமான நிஃப்ட் கையிலெடுத்ததே பின்னால்தான். துணியை மிச்சம் பிடிக்க, தையலை ஒட்டியே ஓவர்லாக் அடித்து மீதியை வெட்டி எறிகிறார்கள். பிரித்துவிட உள்ளே நூலளவு துணி கிடையாது. தைக்கத் தெரியாத ஊரா இது? திருப்பூரில் தைத்து வெளிநாட்டுக்குக் கப்பலேறும் பனியன்களில் பெரிய அளவுகள் உண்டு.

புதுமண்டபத்தில் இப்போது கடைகள் இல்லை. பழமையான மண்டபத்தைக் காக்க வேண்டும் என்று குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள். அது நியாயம்தான், கல்லுக்கும் மூச்சு வேண்டும். எங்கள் பாய் அதற்கு வெகு முன்னாலேயே காலமாகிவிட்டார். அவர் பிள்ளைகள் யாரும் மெஷினில் உட்காரவில்லை. அந்த நோட்டு, அம்மாவின் அளவுகள் வருஷவாரியாக ஏறியிருந்த அந்தப் பக்கங்கள், எந்தப் பழைய பேப்பர் கடைக்குப் போனதோ.

ஆயத்த ஆடை தைப்பவர்களிடம் நான் கேட்பது பெரிதல்ல. பக்கத் தையலில் ஒரு இன்ச் துணி உள்ளே விடுங்கள். மேல்கையைத் தனியாக அளந்து வெட்டுங்கள். பெரிய அளவுகளை மூலைக்குத் தள்ளாமல், எல்லா நிறத்திலும், மற்றவற்றோடு ஒரே கம்பியில் தொங்கவிடுங்கள். நாங்களும் காசு கொடுத்துத்தான் வாங்குகிறோம்.