பயமல்ல, தெறிவினை

என் சாச்சியின் மகனைப் பார்ப்பவர்கள் "சரியான பயந்தாங்கொள்ளி" என்பார்கள். ஓதிப் பார்க்கச் சொன்னவர்களும் உண்டு. அவனுக்கு இருப்பது பயமல்ல. ஹைப்பரெக்பிளெக்சியா என்னும் அரிய பரம்பரை நோய்.

திடீர்ச் சத்தத்துக்குத் திடுக்கிடுவது எல்லோருக்கும் உள்ள தெறிவினைதான். முண்ணாணிலும் மூளைத்தண்டிலும் கிளைசின் என்ற இரசாயனம் அதற்கு பிரேக் போடுகிறது. கிளைசினை ஏற்கும் வாங்கியில் குறையிருந்தால் பிரேக் பிடிக்காது. அதற்குக் காரணமான பரம்பரையலகொன்றை 1993இல் கண்டுபிடித்தார்கள்.

கதவு படாரென்று சாத்தினால் அவன் உடல் கட்டைபோல விறைக்கும். கையூன்ற முடியாமல் அப்படியே விழுவான். நினைவு மட்டும் தப்பாது. கைக்குழந்தையாக இருந்தபோது விறைப்பில் மூச்சும் நின்றுவிடும். தலையையும் கால்களையும் வயிற்றுப் பக்கமாக மடக்கிப் பிடித்தால் விறைப்பு தளரும். அதைக் கற்றுக்கொண்ட பிறகுதான் சாச்சி இரவில் கண்ணயர்ந்தார். இப்போது குளோனசெபாம் என்ற மருந்தால் விழுவது குறைந்திருக்கிறது.

பின்னால் பதுங்கி வந்து "பே" என்று கத்துவது நமக்கு விளையாட்டு. அவனுக்கு அது உடைந்த பல், பிளந்த நெற்றி.

வரும் வருடம் அவன் முதலாம் வகுப்புக்குப் போகிறான். "பயந்தாங்கொள்ளி" என்ற பெயர் அவனுக்கு முன்பே அந்த வகுப்புக்குள் நுழைந்துவிடக் கூடாது.