முன் அனுபவம்: நில்

விண்ணப்பத்தில் ‘முன் அனுபவம்’ என்ற கட்டத்தில் ‘நில்’, அதாவது ஒன்றுமில்லை, என்று போட்டிருந்தாள் என் பழைய மாணவி. அதற்குக் கீழே பெரிய கட்டம் ஒன்று. குழுவோடு சேர்ந்து வேலை செய்தபோது வந்த ஒரு சிக்கலையும், அதைத் தீர்த்ததில் உங்கள் பங்கையும் 250 சொற்களுக்குள் எழுதுக. அங்கே நாலே வரி. கடின உழைப்பாளி, நேர்மையானவள், தலைமைப் பண்பு உள்ளவள், எந்தச் சூழ்நிலையிலும் வேலை செய்யக் கூடியவள். ஆங்கிலத்தில் பிழையில்லாமல் இருந்தது. எங்கோ பார்த்து எழுதியது என்று படித்தவுடனே தெரிந்தது.

தர்மபுரிப் பக்கம் வணிகவியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். வேலைக்கு அறிவிப்பு வரும் காலங்களில் பழைய மாணவர்கள் வீட்டுக்கு வருவார்கள். திண்ணையில் உட்கார்ந்து, அனுப்புவதற்கு முன்னால் விண்ணப்பத்தை ஒருமுறை பார்த்துத் தரச் சொல்வார்கள். பார்ப்பதில் பாதி நேரம் பெயருக்கே போய்விடும். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல் முன்னால் இருக்கும், ஆதாரில் பின்னால் இருக்கும், கல்லூரிச் சான்றிதழில் அப்பா பெயர் முழுதாக வந்திருக்கும். படிவமோ முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும். குடும்பப் பெயர் என்ற வழக்கமே இல்லாத நம் பிள்ளைகள் அந்த இடத்தில் திகைத்து நிற்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். என் விண்ணப்பம் ஒன்றும் இந்தக் காரணத்துக்காகவே திரும்பி வந்திருக்கிறது. போஸ்டல் ஆர்டர் எடுத்து, கெசட்டட் அதிகாரி வீட்டு வாசலில் இரண்டு நாள் நின்று கையெழுத்து வாங்கி அனுப்பியது. பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்ததால் பரிசீலனைக்கே எடுக்கவில்லை என்று ஒரு வரிக் கடிதம் வந்தது. இன்றும் அதை நினைத்தால் வயிறு எரிகிறது. அதனால்தான் யார் வந்தாலும் முதலில் பத்தாம் வகுப்புச் சான்றிதழை எடு என்கிறேன். பெயரும் பிறந்த தேதியும் அதில் உள்ளபடி, புள்ளி மாறாமல் இருக்க வேண்டும்.

இன்னொன்றையும் கேட்பேன்: தமிழ் வழியில் படித்தாயா? அரசுப் பணிகளில் நேரடி நியமனத்தில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை 2010-இலேயே சட்டமாகிவிட்டது. பிறகு வந்த திருத்தத்தால் பட்டப் படிப்பு மட்டும் தமிழில் படித்திருந்தால் போதாது, பள்ளிப் படிப்புக்கும் சான்று வேண்டும். தகுதி இருந்தும் அந்தச் சான்றிதழைக் கடைசி வாரத்தில் தேடி, படித்த பள்ளிக்கும் வீட்டுக்குமாக அலைகிறவர்கள் எத்தனை பேர்! அறிவிப்பு வரும்வரை காத்திருக்காமல் இப்போதே வாங்கி வையுங்கள்.

இவள் கொண்டு வந்தது அரசுத் தேர்வு விண்ணப்பம் அல்ல. சிறு கடன் கொடுக்கும் நிதி நிறுவனம் ஒன்று பட்டதாரிகளைப் பயிற்சிக்கு எடுக்கிறது. பெயர், மதிப்பெண், சாதிச் சான்று என்று எல்லாம் சரியாக இருந்தன. இடித்தது அந்த ‘நில்’ தான்.

“ஏம்மா, மூணு வருஷமா நீ எந்த வேலையும் செய்யலையா?”

“இல்ல சார். படிச்சிட்டுத்தான் இருந்தேன்.”

“சனி, ஞாயிறு?”

“அம்மா குழுவுல கணக்கு எழுதுவேன். அது வேலையா சார்? கூடமாட செய்யறதுதானே.”

மகளிர் சுய உதவிக் குழு. 1989-இல் இந்தத் திட்டம் தமிழ்நாட்டில் முதலில் தொடங்கியதே எங்கள் தர்மபுரி மாவட்டத்தில்தான். இவள் அம்மாவின் குழுவில் பதினாறு பேர். தீர்மானப் புத்தகம், ரொக்கப் புத்தகம், கடன் பேரேடு, ஒவ்வொருவருக்கும் ஒரு பாஸ் புத்தகம், எல்லாவற்றையும் இவள்தான் எழுதுகிறாள். பிளஸ் டூ முடித்த கோடையில் ஆரம்பித்தது, இன்னும் நிற்கவில்லை. வங்கிக்குப் போய்க் கடன் தவணை கட்டுவதும் இவள்தான்.

பேரேட்டை எடுத்து வரச் சொன்னேன். இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. நீளவாக்கு நோட்டு, முனைகள் மழுங்கி, அட்டையில் மஞ்சள் கறை படிந்திருந்தது. சிவப்பு மையில் கோடு, நீல மையில் எண்கள். புரட்டிக்கொண்டே வந்தேன். ஒரு பக்கத்தில் 580 என்று எழுதி, ஒரே கோட்டில் அடித்து, பக்கத்தில் 850 என்று எழுதி, தேதி போட்டுச் சுருக்கொப்பம் இட்டிருந்தது. வெள்ளை மை பூசவில்லை, சுரண்டவில்லை.

என்ன இது என்று கேட்டேன். அவள் இரண்டாம் வருடம் படிக்கும்போது நடந்தது. குழுவில் ஒரு அம்மாவுக்கு 270 ரூபாய் பாக்கி என்று கணக்குக் காட்டுகிறது. கட்டிவிட்டேன் என்று அந்த அம்மா சத்தியம் செய்கிறார். ரொக்கப் புத்தகத்தில் அன்றைய மொத்த வசூல் மட்டும்தான் இருந்தது. பாஸ் புத்தகமோ பேரேட்டைப் பார்த்து எழுதியது. பேச்சு முற்றி, குழுவே உடைகிற நிலை.

“270-ஐ ஒன்பதால வகுத்துப் பாத்தேன் சார், மிச்சம் வரல. அப்ப எங்கயோ எண்ணு இடம் மாறியிருக்கும்னு ஒவ்வொரு வரியா பாத்தேன். நீங்கதான் வகுப்புல சொன்னீங்க.”

நான்தான் சொல்லியிருப்பேன். பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினால் வித்தியாசம் ஒன்பதால் மீதியின்றி வகுபடும்; இருப்பாய்வில் பிழை தேடுவது பற்றிப் பேசும்போது வருடா வருடம் சொல்கிற விஷயம். தேர்வில் ஒரு மதிப்பெண்ணுக்குக்கூட வராது. அதை எடுத்துப் போய் இந்தப் பெண் ஒரு மனுஷியின் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறாள். அன்றைய வசூலோடு கூட்டிப் பார்த்து, தப்பு தன் கையால் நேர்ந்தது என்று கூட்டத்தில் சொல்லி, எல்லோர் முன்னாலும் திருத்தியிருக்கிறாள். இத்தனையும் செய்துவிட்டு ‘நில்’.

சம்பளம் வாங்கினால்தான் வேலை என்று இந்தப் பிள்ளைகளுக்கு யார் சொல்லிக் கொடுத்தது? நாங்கள்தான் என்று நினைக்கிறேன். மாமா கடையில் சரக்குக் கணக்குப் பார்க்கிறவனும், ஊர்த் திருவிழா வரவு செலவு எழுதுகிறவனும், நூறு நாள் வேலைக்குப் போன அம்மாவுக்காக வங்கியில் வாதாடுகிறவளும் வகுப்பில்தான் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு நாளும் அதைப் பற்றி நாங்கள் கேட்டதில்லை.

எழுத உட்கார்ந்தோம். முதலில் தமிழில் எனக்குச் சொன்ன மாதிரியே எழுது என்றேன். எழுதிக் காட்டினாள்: ‘கணக்கில் பிழை ஏற்பட்டது. பின்னர் அது கண்டுபிடிக்கப்பட்டுச் சரிசெய்யப்பட்டது.’ யார் கண்டுபிடித்தது? கேட்டால் ‘நாங்க’ என்றாள். ‘நான்’ என்று எழுதக் கை கூசுகிறது. அடக்கமாக இரு, உன் பெருமையை ஊரார் பேசட்டும் என்று வளர்த்திருக்கிறோம். அது நல்ல வளர்ப்புதான். ஆனால் அந்தப் படிவத்தைப் படிக்கப் போகிறவருக்கு ஊராரைத் தெரியாது. அவர் கையில் இருப்பது அந்த 250 சொல் மட்டும். செய்ததைச் செய்தேன் என்று சொல்வது தற்பெருமை ஆகாது என்று அவளுக்குப் புரியவைக்க ஒரு மணி நேரம் ஆனது.

கூட வந்த அண்ணன் வேறு பக்கம் இழுத்தான். பத்துக் குழுவுக்குத் தணிக்கை செய்தாள் என்று போடலாமே சார் என்றான். வேண்டவே வேண்டாம். எழுதின ஒவ்வொரு வரியும் நேர்காணலில் கேள்வியாகத் திரும்பி வரும். பத்துக் குழு என்று எழுதினால் பத்தின் பெயரையும் சொல்ல வேண்டும். பதினாறு பேர், ஒரு பேரேடு, 270 ரூபாய் என்று எழுதினால், எப்படிக் கேட்டாலும் அவளால் பதில் சொல்ல முடியும். எண் சின்னதாக இருப்பதால் ஒன்றும் குறைந்துவிடாது.

ஆங்கிலத்தில் மாற்றியபோது வாக்கியங்கள் தாமாகவே சிறிதாகின. குழுவின் நிலை இரண்டு வரி, அவள் செய்தது ஏழெட்டு வரி, முடிவு இரண்டு வரி. 180 சொல்லுக்குள் அடங்கிவிட்டது. மிச்ச இடத்தை நிரப்ப வேண்டாம் என்றேன். தலைமைப் பண்பு என்ற சொல் எங்கேயும் வரவில்லை. முன் அனுபவக் கட்டத்தில் குழுவின் பெயர், கணக்கர், ஊதியமில்லை, எந்த மாதத்திலிருந்து என்று எழுதினாள். அனுப்புவதற்கு முன்னால் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளச் சொன்னேன். எதை எழுதினோம் என்பதே அழைப்பு வரும்போது மறந்துபோகும்.

போன வெள்ளிக்கிழமை அனுப்பியாயிற்று. நேற்று அவள் அம்மாவைக் கடைத்தெருவில் பார்த்தேன். “கம்பெனியில நம்ம நோட்டையும் கேப்பாங்களா சார்?” என்றார். கேட்கலாம், கேட்காமலும் இருக்கலாம் என்றேன்.

“அட்ட நஞ்சு போச்சுன்னு காக்கிக் காயிதம் வாங்கிப் புது அட்ட போட்டு வெச்சிருக்கேன்.”